பூக்கிறதை விடச் சொன்னேன்

மூப்பர் இருந்தார். சம்மாட்டி இருந்தார். மதுரங்குளியிலிருந்து வாள்கார நானா வந்திருந்தார். தேங்காய் பறிக்கிறவர் இருந்தார். என் மச்சாள் இருந்தாள். நான் இருந்தேன். பங்குச் சுவாமி வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை.

மாம்புரியில் கடலைப் பார்த்தபடி எங்கள் சின்ன வேதக் கோவில். முற்றத்தில் ஒரு பாலைமரம். அதன் கீழேதான் நின்றோம். மார்கழி தொடங்கியிருந்தது. தையில் திருவிழா.

மழைக்காற்றில் ஒரு கொப்பு முறிந்து கோவில் கூரையில் விழுந்திருந்தது. கூரைச் சீட் உடைந்து பீடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் நின்றது. மரத்தை வெட்டுவதா விடுவதா என்று கதைக்கத்தான் கூட்டம். மூப்பருக்கு வெட்ட வேண்டும். கோவில் திறப்பு அவர் கையில். திருவிழா நன்றாக நடந்தால் பேர் சுவாமிக்கு. குழம்பினால் ஏச்சு மூப்பருக்கு. அவரைக் குறை சொல்ல முடியாது.

"வெட்டுறதெண்டா இண்டைக்கே முடிவு சொல்லுங்க," என்றார் மூப்பர். "சுரூபம் இதுக்குக் கீழாலதான் சுத்தி வாறது. கொப்பு முறிஞ்சு சுரூபத்தில விழுந்தா ஆர் பதில் சொல்றது?"

"மூப்பரின்ட தலையில விழுந்தா?" என்று கேட்டார் சம்மாட்டி. அவருக்கு இரண்டு போட் ஓடுகிறது. திருவிழாச் செலவில் பெரிய பங்கு அவருடையது. அதனால் எப்பவும் பகிடி விடலாம்.

"மூப்பருக்கு வேற மூப்பர் கிடைக்கும். சுரூபம் கிடைக்காது."

வாள்கார நானா மரத்தைச் சுற்றி வந்தார். மெஷின் வாளால் மரம் அறுப்பது அவர் தொழில். கையால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். "மரம் மவுத்தாகல்ல," என்றார். "நல்ல வைரமாத்தான் ஈக்கிது. மவுத்தாகாத பாலைய நான் தொடுறதெண்டா பெர்மிட் காட்டணும். இல்லாட்டி மரம் கோவில்ல, நான் பொலிஸ்ல."

நான் சொன்னேன். "வெட்ட வேண்டாம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் நான் கதைக்கிறதில்லை.

"இத்தாலி வாயத் திறந்திட்டுது," என்றார் சம்மாட்டி. "இனி மழை வரும்."

"ஏன் பிள்ளை வேண்டாம்?" என்றார் மூப்பர்.

"அதில பூ இருக்கு."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மரத்தில் அப்போது ஒரு பூவும் இல்லை.

"இப்ப இல்ல. சித்திரையில வரும்."

"சித்திரைப் பூவுக்காகத் தையில சுரூபத்த மரத்துக்குக் கீழ கொண்டுபோறதோ?" என்றார் மூப்பர். சிரித்தார்கள். என் மச்சாளும் சிரித்தாள்.

எனக்குக் கதை வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் இத்தாலியில் பல வருடம் இருந்தேன். போன விதத்தைச் சொல்லத் தேவையில்லை. ஒரு மலைக்கிராமத்தில் நடக்க முடியாத ஒரு கிழவியைப் பார்க்கும் வேலை. குளிக்க வார்ப்பது, சாப்பாடு தீத்துவது, சில்லுக் கதிரையில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போவது. எங்கள் பக்கத்துச் சனம் பாதி இந்த வேலைக்குத்தான் போகிறது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. சிலாபத்துத் தென்னை மரங்கள் மாதிரி நெருக்கமாக இல்லாமல் அங்கொன்று இங்கொன்றாக ஒலிவ் மரம். இடையில் புல். குளிர் முடிய அந்தப் புல்லுக்குள் சின்னச் சின்னப் பூக்கள் வரும். விரல் உயரம், சாண் உயரம். முதல் வருடம் நான் அதைப் பூ என்றே நினைக்கவில்லை. ஒரு தண்டில் தேனீக்கள் இருப்பதாக நினைத்துக் கதிரையை மற்றப் பக்கம் திருப்பினேன். கிழவி சிரித்தாள். அது தேனீ இல்லை. பூவின் உதடு தேனீ மாதிரி. மயிர்கூட இருந்தது. இன்னொன்று, கைகால் தொங்கும் சின்ன மனிசன் மாதிரி. ஒரு தண்டு முழுக்க மனிசர். அவர்கள் அதை ஓர்கிதேயா என்றார்கள். எங்கள் ஊரில் ஹோட்டல் மேசையில் வைக்கிற ஓர்க்கிட்டின் காட்டுச் சாதி.

அந்தப் பூக்களைக் காக்கிறதுக்கு ஆட்கள் இருந்தார்கள். கூலி இல்லாமல் செய்கிறவர்கள். கண்ணாடி போட்ட ஒரு மனிசி, இன்னும் ஒன்றிரண்டு பேர். வசந்தத்தில் வந்து முழங்காலில் நின்று பார்ப்பார்கள். இதன் விதை தூசி மாதிரி, மண்ணில் ஒரு பூஞ்சணம் இருந்தால்தான் முளைக்கும், முளைத்தாலும் பூக்க வருடக்கணக்கில் ஆகும் என்று அந்த மனிசி எனக்குச் சொன்னாள். தோண்டிக்கொண்டுபோய் வீட்டில் வைத்தால் செத்துப்போகும் என்றாள். நான் மூத்திரத் துணி காயப்போட்டுக்கொண்டு கேட்டேன்.

அந்தச் சரிவில் பக்கத்து வீட்டுச் செம்மறிகள் மேயும். செம்மறி மிதித்துப் பூ நாசமாகுது என்று அவர்கள் வேலி போட்டார்கள். பலகை நட்டார்கள். உள்ளே போகக் கூடாது. பறிக்கக் கூடாது. கிழவியின் கதிரையையும் வேலிக்கு வெளியேதான் நிறுத்த வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் மேய்ச்சல் இல்லாமல் புல் இடுப்புக்கு வந்தது. அதற்கடுத்த வருடம் முள்ளு. தேனீப் பூவை நான் காணவில்லை. மனிசப் பூ வேலி ஓரத்தில் கொஞ்சம். பிறகு ஒரு நாள் அதே ஆட்கள் கத்தியும் கையுறையுமாக வந்தார்கள். முள்ளை வெட்டினார்கள். வேலியைக் கழற்றினார்கள். நானும் போய் முள்ளு இழுத்தேன். கண்ணாடி மனிசி இடுப்பில் கை வைத்து நின்று, காப்பாற்றப் போய் நாங்கள்தான் கெடுத்தோம் என்று சொன்னாள். கத்திச் சொல்லவில்லை. அழவும் இல்லை. தேத்தண்ணி ஊற்றவா என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள். செம்மறி திரும்ப வந்தது. பூவும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முந்திய மாதிரி இல்லை. அதற்குள் கிழவி செத்துப்போனாள். வேலை முடிந்தது. வந்துவிட்டேன்.

அண்ணனும் இல்லை என்பதால் மச்சாளோடு இருக்கிறேன். மச்சாள் கோவில் கூட்டுகிறவள். நான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். வந்த முதல் சித்திரையில் முற்றத்தில் ஒரு வாசம் வந்தது. மல்லிகை இல்லை. அண்ணாந்து பார்த்தேன். பாலையின் பெரிய கவட்டில், தடித்த இலை மீன்முள் மாதிரி இரண்டு பக்கமும் அடுக்கியபடி ஒரு செடி. வெள்ளைக் கயிறு மாதிரி வேர், பட்டையில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. அடிமரத்திலும் அதே செடி நிறைய. பூவில் மண்ணிறக் கட்டம் கட்டமாகக் கோடு. நடுவில் ஊதா உதடு. உதட்டைக் கண்டதும் தெரிந்துவிட்டது. இது அந்த இத்தாலிப் பூவின் சொந்தக்காரன்.

ஞானஸ்நானம் முதல் எல்லாம் எனக்கு அந்தக் கோவிலில்தான். அந்த மரத்தின் பழம் தின்றிருக்கிறேன். ஆனால் இது ஞாபகத்தில் இல்லை. இதற்கு எங்கள் பக்கம் பெயரும் கிடையாது.

வேறு மரங்களில் தேடினேன். நுரைச்சோலைப் பக்கம் மரக்கறித் தோட்டத்துக்குக் காடு போய்விட்டது. மிஞ்சிய மரங்களில் வேர்த் தழும்புதான் இருந்தது, செடி இல்லை. பூச்செடி விற்கிறவர்கள் கழற்றிக்கொண்டு போய் ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். கோவில் மரத்தில் கை வைக்கப் பயந்திருப்பார்கள். நான் தேடிய வரைக்கும் இந்த ஒரு மரத்தில்தான் இருந்தது. திரும்பி வந்தபிறகு இந்த ஊரில் நான் எதையும் கேட்டதில்லை. இதைத்தான் கேட்டேன்.

சரி. கூட்டம்.

தேங்காய் பறிக்கிறவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "மரத்தில குறை இல்ல மூப்பர். குருவிச்சைதான் குறை. முறிஞ்ச கொப்பப் பாருங்க. அது பாதி, குருவிச்சை பாதி. மரத்த உறிஞ்சு குடிச்சுக்கொண்டு மரத்திலயே பாரமாக் கிடக்கு. என்ர மருமகன் மாதிரி."

"அப்ப குருவிச்சைய எடுத்தாப் போதுமோ?"

"குருவிச்சைய எடுங்க, காய்ஞ்ச கொப்பத் தறியுங்க. மரம் உங்களுக்கும் எனக்கும் பிறகும் நிக்கும்."

நானாவும் ஓம் என்றார். பெர்மிட் கரைச்சல் இல்லாமல் போனதில் அவருக்குச் சந்தோசம். சம்மாட்டி தன் போட் ஆட்களை விடுவதாகச் சொன்னார். அது தன்ர நேர்த்திக்கடன், கூலி வேண்டாம் என்றார். மூப்பர் கொஞ்ச நேரம் நாடியைச் சொறிந்தார். "அப்ப மரத்தில ஒட்டிக் கிடக்கிற எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க."

"எல்லாத்தையும் வேண்டாம்," என்றேன். "குருவிச்சைய எடுங்க. பூக்கிறதை விடுங்க."

"கேட்டுதோ?" என்று மூப்பர் மற்றவர்களைப் பார்த்தார். "பூக்கிறதைத் தொடக் கூடாது. இத்தாலி ஓடர்."

தேங்காய் பறிக்கிறவருக்கு எந்தச் செடி என்று விரலால் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தெரியும் அக்கா, நானே ஏறுறன் என்றார். திருவிழாவுக்கு முந்திய ஒரு ஞாயிறு, பூசை முடிய வேலை என்று முடிவானது. நானும் நிற்பதாகச் சொன்னேன். மரம் தப்பியது. அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

அந்த ஞாயிறுக்கு முதல் நாள் சனி. மச்சாளுக்குப் புத்தளம் ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். விடியவே பஸ் ஏறினோம். அன்று காற்று. கடல் வெள்ளையாக நுரைத்தது. போட் ஒன்றும் இறங்கவில்லை. அதை நான் பஸ் யன்னலால் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் யோசிக்கவில்லை. காற்றடித்தால் சம்மாட்டியின் ஆட்கள் சும்மா இருப்பார்கள். சும்மா இருக்கிற ஆட்களைச் சம்மாட்டி பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். நாளைக்கு உள்ள வேலை இன்றைக்கு. தேங்காய் பறிக்கிறவர் அன்று மதுரங்குளித் தோட்டம் ஒன்றில் இருந்தார். அவருக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

பின்னேரம் பஸ்ஸால் இறங்கினோம். மச்சாளுக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சந்தியிலிருந்தே மரம் தெரிந்தது. வெள்ளையாகத் தெரிந்தது.

ஆள் உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். திருவிழாவுக்கு மரங்களுக்கு வெள்ளை அடிப்பது எங்கள் வழமை. அதற்கு மேலே பட்டை சுத்தமாகச் சுரண்டிக் கிடந்தது. கவடு வெறுமை. அடிமரம் வெறுமை. போட்டின் அடியில் சிப்பி ஒட்டினால் தகட்டால் சுரண்டி எடுப்பார்கள். பிறகு பெயின்ட் அடிப்பார்கள். அதே தகடு. அதே மாதிரித்தான் சுரண்டியிருக்கிறார்கள். கடலில் போகிறவர்களுக்கு ஒட்டியதெல்லாம் சுரண்ட வேண்டியது. ஒட்டினால் போட் இழுக்காது.

உச்சிக் கொப்புகளில் மட்டும் பச்சைக் குவியல்கள் தொங்கின. அதில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ. குழல் குழலாக, கொத்துக் கொத்தாக. காற்றில் ஆடியது.

குருவிச்சை பூத்திருந்தது.

கோவில் வாசலில் போட் ஆட்கள் பணிஸும் தேத்தண்ணியுமாக இருந்தார்கள். உடம்பெல்லாம் சுண்ணாம்பு. ஒருவருக்கு முழங்கையில் தோல் போயிருந்தது. சம்மாட்டி கதிரையில் இருந்தார்.

"வா இத்தாலி, வா. பார். உன்ர பூவில ஒண்டுகூடக் குறையேல்ல."



"மூப்பர் சொன்னவர் அன்ரி," என்றான் அவர்களில் மூத்தவன். போட்டின் சுக்கான் பிடிக்கிறவன், நல்ல பொடியன். "பூ இருக்கிறதைத் தொட வேண்டாமெண்டு. பூ இல்லாத எல்லாத்தையும் எடுத்தாச்சு. அந்தக் கரைக் கொப்பால கயிறு போட்டு இறங்கேக்க பூ உடையாமக் கொப்பை இழுத்துக் கட்டிட்டுத்தான் இறங்கினனான். அதிலதான் கை உரைஞ்சது. ஒரு மொட்டும் விழேல்ல."

"அது குருவிச்சை," என்றேன்.

ஒருவன் பணிஸை மென்றபடி மேலே பார்த்தான்.

"குருவிச்சையெண்டா இவ்வளவு வடிவா இருக்குமே?" என்றார் சம்மாட்டி.

"இருக்கும்."

மூப்பர் கோவிலுக்குள்ளிருந்து வந்தார். "அப்ப உங்கட பூ எது பிள்ளை?"

"நீங்க சுரண்டினது."

"அதில பூ இருக்கேல்லயே."

"சித்திரையில வருமெண்டு சொன்னன்."

"பூ இல்லாத பூவை ஆர் கண்டுபிடிக்கிறது?" என்றார் மூப்பர். கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

எனக்கு ஏச வேண்டும் போல் இருந்தது. யாரை ஏசுவது? கூலி வாங்காமல் செய்த வேலை. சொன்னபடி செய்த வேலை. பூ உடையாமல் தன் கையை உடைத்துக்கொண்டு இறங்கியவனை என்ன சொல்லி ஏசுவது? குருவிச்சையும் பூக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்று அது பூத்திருக்கவில்லை. அதனால் வாயில் வரவில்லை. இதை எழுதும்போதும் எரிச்சல் வருகிறது.

"எங்க போட்டனீங்க?"

கோவிலுக்குப் பின்னால் பள்ளத்தில் போட்டிருந்தார்கள். மிஞ்சிய சுண்ணாம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றியிருந்தார்கள். அயல்வீட்டு ஆடுகள் ஏற்கனவே வந்துவிட்டன. குருவிச்சை இலையைப் பொறுக்கித் தின்றுகொண்டு நின்றன. ஓர்க்கிட்டைத் தின்னவில்லை. மிதித்தன. எல்லாம் கிழித்த துணி மாதிரிக் கிடந்தது. வேர் பாதியில் அறுந்து, இலை நசுங்கி.

நான் பள்ளத்தில் இறங்கினேன். மச்சாளும் குந்திக் குந்தி இறங்கினாள்.

"நீ போ. உனக்குக் கண் தெரியாது."

"கை இருக்கு," என்றாள். "வேரோ புழுவோ எண்டு மட்டும் சொல்லு. புழுவெண்டா விடுறன்."

உயிர் இருக்கும் போல் பட்டதைப் பொறுக்கினோம். கிணற்றடியில் கழுவினோம். சுண்ணாம்பு போகிறவரை கழுவினோம். மச்சாள் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து, இதுக்கு வேர் இருக்கு, இதுக்கு இல்லை என்று பிரித்துப் போட்டாள். அந்தச் சுக்கான் பிடிக்கிறவனும் வந்து தண்ணீர் அள்ளினான். வாளி வாளியாக அள்ளிவிட்டுப் போனான்.

பொழுதுபட முந்தி தேங்காய் பறிக்கிறவர் ஓடி வந்தார். பார்த்தார். "என்னக் கூப்பிட்டிருக்கலாமே," என்றார். பிறகு உரப்பையில் முப்பதுக்கு மேல் செடிகளைப் போட்டுக்கொண்டு ஏறினார். தும்புக் கயிற்றால் கவட்டில் கட்டினார். கயிறு முடிந்ததும் பழைய வலைநூலால் கட்டினார். நான் கீழே நின்று, வேரை அமத்தாதீங்க, இலை கீழ பார்க்கட்டும், தண்ணி தேங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டு நின்றேன். அது சரியா என்றே எனக்குத் தெரியாது. இத்தாலியில் அது மண்ணில் நிற்கிற செடி. இது மரத்தில் நிற்கிறது. ஓர்க்கிட் என்ற பேர்தான் ஒன்று.

"அப்படியே அந்தக் குருவிச்சையையும் வெட்டிவிடுங்க தம்பி," என்றேன்.

"மூப்பர்?" என்று மேலிருந்து கேட்டார்.

மூப்பர் தலையாட்டவில்லை. "திருவிழா முடியட்டும். பூத்திருக்கிறதை இப்ப வெட்டினா முற்றம் மொட்டையாத் தெரியும்."

குருவிச்சை நின்றது.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் மூப்பர் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றே சொன்னார். மரத்தில் நூலும் வேருமாகக் கட்டித் தொங்குகிறதைப் பார்த்து, செய்வினை என்று சனம் கதைக்கிறதாம். திருவிழாவைக் குழப்ப யாரோ கட்டிவிட்டார்களாம். ஒரு வீட்டார் பிள்ளையை அந்தப் பக்கம் விடுகிறதில்லையாம்.

"கட்டினது நான் எண்டு சொல்லுங்க."

"அதையும் சொன்னன். அதுக்குப் பிறகுதான் கூடக் கதைக்கினம்."

கடைசியில் ஒரு இணக்கம். கட்டை அவிழ்க்க மாட்டார். அதை மறைக்கக் கடதாசிக் கொடியும் மின்குமிழ் மாலையும் சுற்றுவார். நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? குமிழ் மாலை இரவில் சூடு. அதையும் சொன்னேன். சின்னக் குமிழ்தான் என்றார்.

அந்தக் கிழமை வாள்கார நானா லொறியில் போகும்போது நிறுத்திப் பார்த்தார். "என்ன அக்கா, மரத்துக்குத் தாயத்துக் கட்டீக்கீங்க? வெட்ட வந்த எனக்குக் கட்டினாலும் பரவாயில்ல."

"உங்களுக்குக் கட்டினாப் பிறகு நீங்க ஒரு மரமும் வெட்டமாட்டீங்க நானா."

"அப்ப வேணாம். புள்ளகுட்டி ஈக்கிது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருவிழா நன்றாக நடந்தது. கொப்பு விழவில்லை. சுரூபம் மரத்துக்குக் கீழால் சுற்றி வந்தது. சுவாமி பிரசங்கத்தில் மரத்தைக் கை காட்டினார். வெட்ட நினைத்த மரத்தை நீங்கள் மன்னித்தீர்கள், அது இன்று பூத்துக் குலுங்கி நிற்கிறது பாருங்கள் என்றார். சனம் திரும்பிக் குருவிச்சையைப் பார்த்தது. சிலர் போனில் படம் எடுத்தார்கள். மூப்பர் என்னைப் பார்க்கவில்லை. சம்மாட்டி பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். மச்சாள் என் முழங்கையைப் பிடித்தாள். நான் எழும்பிவிடுவேன் என்று நினைத்தாளோ தெரியாது. நான் எழும்பவில்லை.

குமிழ் மாலையை அவிழ்க்கும்போது அவசரத்தில் இழுத்தார்கள். செடிகள் சில அதோடு வந்தன. கீழே விழுந்ததில் இரண்டு மூன்றை ஆட்கள் மிதித்துவிட்டுப் போனார்கள். சிலது தானாகவே மஞ்சளாகிக் கழன்றது. மாசியில் வெயில் ஏறியது. நான் பின்னேரத்தில் நீட்டுத் தடியில் துணி கட்டி நனைத்து எட்டுகிற செடிக்குத் தண்ணீர் காட்டினேன். எட்டாததற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. கோவிலுக்கு வருகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். இப்போது செய்வினை என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை சரியில்லை என்று சொன்னார்களாம். அது பரவாயில்லை.

மேலே குருவிச்சை நன்றாக இருந்தது. பூ போய்க் காய் வந்தது. குருவி வந்து தின்றது. தின்ற குருவி மற்றக் கொப்பில் போய் வாயைத் தேய்க்கும். அங்கே அடுத்த குருவிச்சை முளைக்கும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் மூப்பரிடம் மூன்று தரம் போனேன்.

"சுவாமி பிரசங்கத்தில சொன்ன பூவை நான் எப்படி வெட்டுறது பிள்ளை?"

"சுவாமிக்குச் சொல்லுங்க, அது குருவிச்சையெண்டு."

"சுவாமிக்குப் பிழையெண்டு நான் போய்ச் சொல்றதோ?"

"பிழையெண்டு சொல்ல வேண்டாம். குருவிச்சையெண்டு சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. அவருக்கு என்னோடு பகை இல்லை. அந்தக் கண்ணாடி மனிசியை அடிக்கடி நினைத்தேன். கெடுத்தோம் என்று ஒருவர் சொன்னால், அடுத்த வேலை தொடங்கும். இங்கே அதை ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் நல்லதுதான் செய்தார்கள். நல்லது செய்தவர்களிடம் எதைத் திருத்தச் சொல்வது?

சித்திரை வந்தது. புதுவருடம் முடிந்தது. முற்றத்தில் வாசம் வரவில்லை. நான் தேங்காய் பறிக்கிறவரைத் தேடிப் போனேன். மத்தியானம், ஆள் இல்லாத நேரம் வரச் சொன்னேன். வந்தார். கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது மூப்பர் சைக்கிளில் வந்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

"நான் சாப்பிடப் போறன்," என்றார். "மரத்தில ஆர் ஏறினதெண்டு எனக்குத் தெரியாது."

சைக்கிளைத் திருப்பினார். கொஞ்சத் தூரம் போய் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "வெட்டுறதெண்டா அடியோட வெட்டச் சொல்லுங்க. மிச்சம் விட்டாத் திரும்ப வரும்."

அதுதான் அவர் சொன்னது. அதற்கு மேல் நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை.

குருவிச்சை கொத்துக் கொத்தாக விழுந்தது. மச்சாள் இழுத்து ஆட்டுக்கு ஒதுக்கினாள். அவளுக்கு இப்போது ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. தேங்காய் பறிக்கிறவர் உச்சியை முடித்துவிட்டுக் கவட்டுக்கு இறங்கினார்.

"அக்கா, கயிறெல்லாம் உக்கிப்போச்சு. செடி கன இடத்தில காய்ஞ்சு தும்பாக் கிடக்கு."

"காய்ஞ்சதை விடுங்க. கயிறில்லாமத் தானா நிக்கிறது இருக்கோ பாருங்க. புது வேர் பட்டையில ஒட்டியிருக்க வேணும். பச்சை நுனி இருக்க வேணும்."

அவர் ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். நேரம் எடுத்தார். மற்றப் பக்கத்துக்கும் சுற்றிப் போனார். நானும் மச்சாளும் கீழே நின்றோம்.

"பூத்தண்டு ஏதும்?"

"இல்ல அக்கா. இந்த வருசம் இல்ல."

"எத்தினை நிக்குது?"

வாய்க்குள் எண்ணினார். திரும்ப ஒரு தரம் எண்ணினார்.

ஏழு.